பட்டுவுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்

வேலை உறுதியாகி, விசாவும் கையில் வந்த பிறகு "நாயை என்ன செய்வது?" என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் நிறைய. கிளம்ப ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் இருக்கும். அவர்களுக்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு நாயை அழைத்துப்போக, ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தாலே நான்கு மாதம் ஆகும். ஆறு மாதம் கையில் இருந்தால் நிம்மதி. வேலைக்கு விண்ணப்பம் போடும்போதே நாயின் வேலையையும் ஆரம்பித்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வேலை கிடைக்காமல் போனாலும் நஷ்டமில்லை. சிப்பும் தடுப்பூசியும் நாய்க்கு எப்படியும் நல்லதுதான்.

நாங்கள் பட்டுவை அழைத்துப்போனது 2023 அக்டோபரில், சென்னையிலிருந்து பெர்லினுக்கு. பட்டு நாட்டு நாய். போரூரில் எங்கள் தெருவிலேயே பிறந்து, ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒண்டியவள், பிறகு போகவே இல்லை. பதினெட்டு கிலோ, செம்பட்டை நிறம், விறைத்து நிற்கும் காது. "தெரு நாயையா ஃபிளைட்டில் ஏத்துறீங்க?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அம்மா மட்டும், "நீ விட்டுட்டுப் போனா நான் பாத்துக்கறேன்டி, ஆனா அது உன்னைத்தான் தேடும்" என்றார். என் கணவர் முன்பே பெர்லினுக்குப் போய்விட்டதால் இங்கே எல்லாவற்றையும் நானும் பட்டுவும்தான் செய்தோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டு நாய் என்பதால் எந்தத் தடையும் கிடையாது, படிவத்தில் கலப்பினம் என்று எழுதினால் போதும். ஆனால் பிட் புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனிக்குள் கொண்டுவரச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அப்படிப்பட்ட நாய் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி வரிசை. முதலில் மைக்ரோசிப், அதன் பிறகே வெறிநாய்த் தடுப்பூசி. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனால் சிப் முந்த வேண்டும். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி "இந்த நாய்க்குத்தான் போட்டது" என்பதற்கு என்ன சாட்சி? அதனால் சிப்புக்கு முன் போட்ட ஊசி எதுவும் கணக்கில் வராது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு லாப்ரடாருக்கு வருடம் தவறாமல் ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் கிளினிக்கில் சிப் வைத்தார்கள். புத்தகத்தில் அந்த இரண்டு தேதியும் அப்படியே இருந்தன. மறுபடி ஊசியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டி வந்தது, குடும்பம் முன்னால் போய் நாய் பின்னால் போனது. கிளினிக்கில் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வெளிநாட்டு விதி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வெளிநாட்டுக்கு நாய் அனுப்பிப் பழக்கமுள்ளவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

சிப் என்பது அரிசியைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கு அடியில் ஊசி வழியாக வைப்பார்கள். ஐ.எஸ்.ஓ. தரத்தில், பதினைந்து இலக்க எண் கொண்டதாக இருக்க வேண்டும். வைத்தவுடன் ரீடரால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களில் ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, அதன் மேல் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். மீதி ஸ்டிக்கர்களைப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு படிவத்துக்கும் தேவைப்படும். கையால் எழுதும்போதுதான் தவறு வரும். பதினைந்து இலக்கத்தில் ஒன்று மாறினால் அது வேறு நாய். நான் ஒவ்வொரு காகிதத்திலும் விரலை வைத்து, எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, சத்தமாகப் படித்துச் சரிபார்த்தேன். எதிரில் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

ஊசி போட்டு முப்பது நாளுக்குப் பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை இது. ரத்தத்தைச் சுழற்றிச் சீரம் பிரித்து, குளிர் கெடாமல், ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புப் பொருள் இருக்க வேண்டும். ஒரே ஊசியோடு ரத்தம் எடுத்தால் சில நாய்களுக்கு இந்த அளவு எட்டாமல் போவதுண்டு என்று எங்கள் மருத்துவர் பட்டுவுக்கு இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுத்தார். சில வாரம் கூடுதலாகும். ஆனால் தோற்றுப்போய் முதலிலிருந்து தொடங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முடிவு வந்த தேதியிலிருந்து என்று நினைத்துப் பலர் வீணாகத் தள்ளிப்போடுகிறார்கள், அப்படியில்லை. எதற்கு மூன்று மாதம்? வெறிநோய்க் கிருமி உடம்புக்குள் போன பிறகு வெளியே தெரிய வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகலாம். ஊசி போடும் முன்பே கடி வாங்கியிருந்த நாய், ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் நல்ல எண்ணைக் காட்டியும் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. வெறிநோய் இன்னும் மனிதர்களைக் கொல்லும் நாட்டிலிருந்து போகிறோம். இந்த விதியைக் கெடுபிடி என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

ஒருமுறை தேறிய டைட்டர், ஊசியை ஒவ்வொரு முறையும் காலாவதி ஆகும் முன்பே புதுப்பித்துவந்தால் ஆயுசுக்கும் செல்லும். ஒரு நாள் தாண்டினாலும் ஊசி, முப்பது நாள், ரத்தம், மூன்று மாதம் எல்லாம் மறுபடி. தடுப்பூசித் தேதியை வீட்டில் ஒருவர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் போதாது.

அந்த மூன்று மாதம் சும்மா இருக்கும் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். நாய்க்கு உண்மையான தயாரிப்பு அப்போதுதான் நடக்கிறது. காகிதங்களைப் பட்டு ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவளுக்குத் தெரியப்போவது ஒன்றுதான்: ஒரு கூண்டு, இருட்டு, இரைச்சல், பக்கத்தில் நாம் இல்லாத பத்து மணி நேரம்.

கூண்டின் அளவை விமான நிறுவனங்கள் ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) விதிப்படி பார்க்கிறார்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு அளவு. தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை இன்னொன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள்பட்டை அகலத்தை இரண்டால் பெருக்கினால் அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ அதுவரை உயரம். பட்டுவுக்கு மூக்கிலிருந்து வால்வரை 75 சென்டிமீட்டர், முழங்கைவரை 30. ஆக நீளம் 90. காது விறைப்பாக நிற்பதால் உயரம்தான் அவளுக்கு இடித்தது. படுக்கை விரிப்பின் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் இரண்டு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். நாய் நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கொக்கிக்குப் பதில் இரும்பு போல்ட் இருக்கட்டும். நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றும்படி தண்ணீர்க் கிண்ணம் மாட்டியிருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கூண்டு வந்தவுடன் அதற்குள் நாயைத் தள்ளிக் கதவைச் சாத்தினால் பிறகு ஜென்மத்துக்கும் உள்ளே போகாது. நான் கதவைக் கழற்றிவிட்டு, கீழ்ப் பாதியை மட்டும் ஹாலில் போட்டேன். உள்ளே என் பழைய பருத்திப் புடவை. பட்டு இரண்டு நாள் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கூண்டின் வாசலில் வைத்து, ஒவ்வொரு வேளையும் ஒரு சாண் உள்ளே நகர்த்தினேன். அவளாகப் போய்ப் படுத்துத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் மேல் பாதியை மாட்டினேன். அதன் பிறகு கதவு. சாப்பிடும்போது சாத்தி, சாப்பிட்டு முடிக்கும் முன் திறப்பது. பிறகு முடித்த பின் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து நிமிஷம். அழுதால் திறக்காமல், அழுகை ஓயும் அந்தச் சின்ன இடைவெளியில் திறக்க வேண்டும். இது கேட்க எளிது, செய்யும்போது நெஞ்சைப் பிசையும். கடைசி மாதத்தில் ராத்திரி முழுக்கக் கதவு சாத்திய கூண்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கினாள். பிறகு கூண்டு பக்கத்து அறைக்குப் போனது.

வீட்டில் பழகியது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. விமானத்தில் தரை அதிரும், சாய்வாகும், காது அடைக்கும் சத்தம் இருக்கும். தெருமுனையில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டும் அண்ணனிடம் பேசினேன். கூண்டை வண்டியில் ஏற்றி, கயிற்றால் கட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து, விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று. முதல் முறை பட்டு நடுங்கி, எச்சில் ஒழுக நின்றுகொண்டே வந்தாள். அடுத்த சில சவாரிகளில் உட்கார்ந்தாள். ஒருநாள் திரும்பிப் பார்க்கிறேன், வண்டி குலுங்கக் குலுங்கப் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள். "இனி எந்த ஊருக்கு வேணாலும் போகும்மா" என்றார் அண்ணன். எனக்கும் அன்றைக்குத்தான் அந்த நம்பிக்கை வந்தது. இந்தத் தயாரிப்பில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இந்தச் சவாரியைச் செய்யுங்கள்.

இதே காலத்தில் இன்னும் இரண்டு பழக்கங்கள். ஒன்று வாய்க்கூடு, கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டுவது. ஜெர்மனியில் நெடுந்தூர ரயிலில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் உண்டு, வாய்க்கூடும் உண்டு. வாய்க்கூட்டின் உட்புறம் தயிரைத் தடவிக் கொடுத்தால் மூக்கைத் தானாகவே உள்ளே விடும். இரண்டாவது சாப்பாடு. பட்டு தயிர்சாதத்திலும் கோழிச் சோற்றிலும் வளர்ந்தவள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் கலந்த உணவுகளைப் பயணிகள் பையில் கொண்டுவரக் கூடாது, நாய்த் தீனியும் அதில் சேரும். அதனால் பெர்லினில் கிடைக்கும் ஒரு உலர்தீனியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, சோற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினேன். ஊரும் மாறி, சாப்பாடும் ஒரே நாளில் மாறினால் வயிறு தாங்காது.

தெருவில் வளர்ந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் ரத்தத்தில் பதுங்கியிருக்கலாம். கிளம்பும் முன் ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்து, உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்கும் பார்த்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான வசதிகள் எல்லாம் உண்டு. அறிக்கைகளைக் கையோடு எடுத்துப்போனால் அங்குள்ள மருத்துவருக்கும் உதவும்.

தூக்க மருந்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஐயாட்டாவும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் சக்தி குறையும், கூண்டு சாயும்போது காலை ஊன்ற முடியாது, மேலே பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது. மயக்கமாகத் தெரியும் நாயைப் பல நிறுவனங்கள் ஏற்றவும் மாட்டார்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் தொல்லை முன்பே இருப்பதால் பல நிறுவனங்கள் சாமான் அறையில் ஏற்க மறுக்கின்றன. அது நாயின் நன்மைக்குத்தான். சப்பை மூக்கு நாயோ, இதய நோயுள்ள வயசான நாயோ இருந்தால், அன்பான ஒரு வீட்டில் அதை விட்டுப்போவதுகூடச் சரியான முடிவாக இருக்கலாம். வாசலில் அவிழ்த்துவிட்டுப் போவது மட்டும் எந்த நாளும் சரியாகாது.

மாதத்தையும் நாய்க்காகவே தேர்ந்தெடுத்தோம். கத்திரி வெயிலில் சென்னையிலும் ஜனவரிக் குளிரில் ஜெர்மனியிலும் ஓடுதளத்தில் கூண்டு நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்டோபர் மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. வளைகுடா வழியாகப் போனால் டிக்கெட் மலிவு. ஆனால் இடையில் விமானம் மாறுவது, பாலைவன வெயில், கை மாறும் கூண்டு. ஃபிராங்ஃபர்ட்டுக்கு நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் நேரடி விமானத்தையே எடுத்தேன். ஒரு விமானத்தில் ஏற்றும் பிராணிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அதனால் முதலில் நாய்க்கு இடம் உறுதி, பிறகு நமக்கு டிக்கெட்.

கடைசிப் பத்து நாள்தான் நெருக்கடி. ஐரோப்பியச் சுகாதாரச் சான்றிதழில் அரசு கால்நடை அதிகாரி கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சென்னையில் இதைத் தருவது பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம், எல்லோரும் சொல்வது ஏ.க்யூ.சி.எஸ். நாயை நேரில் கொண்டுபோக வேண்டும். தடுப்பூசிப் புத்தகம், டைட்டர் அறிக்கை, நம் மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட், உரிமையாளர் உறுதிமொழி எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். படிவம் ஆங்கிலத்திலும், முதலில் இறங்கும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். எங்களுக்கு ஜெர்மன். கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையிலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும், அதனால் நீலப் பேனா ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். அதிகாரி அதைப் பார்த்ததும், "விதியைப் படிச்சுட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தார். படிவங்கள் அவ்வப்போது மாறும். எனக்குக் கிடைத்ததை உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், கிளம்பும் மாதத்தில் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். இத்தனையையும் ஏஜென்ட்டிடம் விடலாம். எங்களிடம் கேட்ட தொகை லட்சத்தில் இருந்தது. நேரமும் பொறுமையும் இருந்தால் நாமே செய்துவிடக்கூடிய வேலைதான்.

கிளம்பும் நாள் சாயங்காலம் லேசான சாப்பாடு, பிறகு நீண்ட நடை. கிண்ணத்துத் தண்ணீரை முந்தின நாளே ஃப்ரீசரில் உறையவைத்தேன். தூக்கிப்போகும்போது சிந்தாது, மேலே போனபின் மெல்ல உருகும். கூண்டில் என் துவைக்காத துப்பட்டா. விமான நிலையத்தில் நாயை வெளியே எடுக்கச் சொல்லிக் கூண்டை மட்டும் எக்ஸ்ரேயில் விடுவார்கள். அந்த நேரத்தில் கழுத்துப் பட்டையும் கயிறும் உறுதியாக இருக்கட்டும், அந்தச் சத்தத்தில் எந்த நாயும் மிரளும். திரும்ப உள்ளே போகச் சொன்னபோது பட்டு தானாகப் போய்ச் சுருண்டாள். சாமான் தூக்கும் பையன், "வீடு மாதிரி போகுதுக்கா" என்றான்.

ஃபிராங்ஃபர்ட்டில் பெரிய சாமான்கள் வரும் பகுதியில் கூண்டைக் கொடுத்தார்கள். சுங்கத்தில் சிவப்பு வழியில் போய் நாமே அறிவிக்க வேண்டும். சிப்பைப் படித்தார்கள், எண்ணை ஒப்பிட்டார்கள், தேதிகளைப் பார்த்தார்கள், முடிந்தது. கணவர் காரோடு வந்திருந்தார். போல்ட்டுகளைக் கழற்றி மேல் பாதியைக் கீழ்ப் பாதிக்குள் வைத்தால் கூண்டு சாதாரணக் காரிலும் அடங்கும், அதற்கு ஒரு சின்ன ஸ்பானர் அவரிடம் இருந்தது. பெர்லின்வரை பட்டு பின் சீட்டில் அவர் சட்டைமேல் தலை வைத்துத் தூங்கினாள்.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனுக்கு விமானத்தில் நாய் சரக்காகத்தான் போக முடியும், போகும் முன் நாடாப்புழு மருந்தும் கொடுத்துப் பதிய வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி. இந்தியா வெறிநோய் அபாயப் பட்டியலில் இருப்பதால் சிப், ஆறு மாத வயது, டைட்டர், குறிப்பிட்ட விமான நிலையங்களில் முன்பதிவு என்று வேறு வரிசை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகப் போகவே முடியாது, அவர்கள் ஏற்கும் வேறொரு நாட்டில் நாய் மாதக்கணக்கில் தங்கிவிட்டுப் போக வேண்டும்.

பெர்லினில் வீடு தேடும்போதே நாய் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வந்ததும் நாய் வரிக்குப் பதிய வேண்டும், இங்கே முதல் நாய்க்கு வருடம் 120 யூரோ. நாய் யாருக்காவது சேதம் செய்தால் ஈடு கொடுக்கும் காப்பீடும் கட்டாயம். முதல் குளிர்காலத்தில் பட்டுவுக்குக் கோட்டு தேவைப்பட்டது. அடர்த்தியில்லாத ரோமம், சென்னை வெயிலுக்கு வளர்ந்தது.

முதல் வேலையாக ஒரு கால்நடை மருத்துவரிடம் பதிந்து, நாய்க்கு ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். டைட்டர் முடிவையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். விடுமுறைக்கு நாயோடு ஊருக்கு வந்து திரும்ப நினைத்தால், ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் முன்பே தேறிய டைட்டர் அதில் பதிவாகி, ஊசியும் காலாவதியாகாமல் இருந்தால், அந்த மூன்று மாதக் காத்திருப்பு இரண்டாம் முறை கிடையாது. இந்தியாவுக்குள் வர ஏ.க்யூ.சி.எஸ். தரும் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றைத் தனியாக வாங்க வேண்டும், டிக்கெட் எடுக்கும் முன்பே அதற்கு எழுதிவிடுங்கள்.